சாக்குப் படுதாவுக்கு வந்த பத்திரிகை

அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய வருடமே எங்கள் வீடும் போனது. முதலியார்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரான்சிலேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்து, வீட்டை விற்றுவிட்டார். வேலை போனவனுக்கு வேறு எவன் வீடு கொடுப்பான்? மில் மதிலோரம் மூங்கில் நட்டு, சாக்குப் படுதா கட்டி, ஏழெட்டு மாதம் இருந்தோம். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படுதாவுக்குள் உட்கார்ந்துகொண்டு அம்மா சொம்பில் தணலைப் போட்டு என் யூனிபாரத்தைத் தேய்ப்பாள். என்ன பொம்பளை அவள்! நான் எங்கிருந்து வருகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் தெரியாது. யாராவது கூடவே நடந்து வந்தால், ஏதோ ஒரு சந்துக்குள் நுழைந்து அவள் போகும்வரை நிற்பேன். அந்தச் சந்து நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது.

அப்பாதான் உடைந்துபோனார். விடிந்ததும் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போய்விடுவார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பொழுது சாய்ந்துதான் வருவார். எங்களிடமும் பேச்சு நின்றுபோயிற்று. போட்ட சோற்றைத் தின்பார், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி, எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலையில் இருந்த என் மாமன், சொந்த வீடு கட்டி முடித்தார். புதுமனைப் பத்திரிகையைப் பள்ளிக்கூட வாசலில் என் கையில் திணித்து, "அம்மாகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் அக்காளுக்குப் பத்திரிகை என்றால், தம்பி பெண்டாட்டியோடு வந்து, அக்காளும் அவள் புருஷனும் சேர்ந்து நிற்க, வெற்றிலை பாக்குத் தட்டோடு நீட்ட வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சுகிறவளே அந்த அக்காள்தான். ரோட்டில் கொடுத்துவிட்டுப் போனால் அது மரியாதையா?

அம்மா அதைப் பிரிக்கவே இல்லை. "நாளைக்கே கொண்டுபோய்க் குடு. நாங்க எங்க இருக்கமோ அங்க வந்து வைக்கச் சொல்லு. இல்லன்னா அக்கா செத்துட்டான்னு நெனச்சிக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். "வீடில்லாம கெடக்குற அக்காகிட்ட புதுவீட்டுப் பத்திரிகைய எந்த மூஞ்சியோட நீட்டுவேன்?" என்றார் மாமன். பாவம், அவரும் நல்லவர்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை அப்பா வழக்கம்போல் நழுவிவிட்டார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

"தனியா நின்னு வாங்க நான் என்ன தாலியறுத்தவளா? எழுந்து வாய்யா."

"எனக்குக் கூசுதுடி" என்றார் அப்பா.

"எனக்கு மட்டும் கூசலயா? கூசிக்கினே வா."

வந்தார். அம்மாவுக்கு இரண்டடி பின்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

மாமனும் அத்தையும் தட்டோடு வந்தார்கள். படுதாவுக்கு முன்னால் வந்ததும் எங்கே நிற்பது, எதை வாசல் என்று எடுத்துக்கொள்வது என்று புரியாமல் தடுமாறினார்கள். மாமன் கண் கலங்கிவிட்டது. அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முன்னால் போய்ப் படுதாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். குரல் நடுங்கவில்லை.

"வா மாப்ள. ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வா."

மாமன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, உள்ளே வந்தார்.