மணல் மூட்டை மேல் அப்பா

குவைத்தில் மழை வந்தால் எங்கள் மாமாவுக்குத் தலைகால் புரியாது. அம்மாவின் தம்பி அவர். பாலைவன சைட்டுக்குப் போய்வர, நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் ஒன்றைக் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்தது. அதை நாங்கள் குடியிருந்த அப்பாசியா தெருக்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற தோரணையில் ஓட்டுவார். அப்பாவுக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் அம்மாவைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புகிற அன்றைக்கும் மாமாவின் வண்டிதான்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. மார்ச்சில் எனக்குப் பரீட்சை இருந்ததால், நானும் அப்பாவும் பிறகு போவதாக ஏற்பாடு. முந்தின வருஷம் ஒரு பாப்பா வரப்போவதாகச் சொன்னார்கள். அது வராமலே போயிற்று. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த முறை அம்மா மாடிப்படி இறங்கினால்கூட அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அன்றைய விமானத்தை விட்டால், மாதம் கூடிவிட்டது என்று அப்புறம் ஏற்ற மாட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து அந்தக் குளிர்காலத்தின் முதல் மழை. ரோட்டில் மாசக்கணக்கில் படிந்த தூசியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் குழைந்து, சோப்பு கொட்டிய குளியலறை மாதிரி ஆகிவிட்டது. நனையக் கூடாதென்று பெட்டிகளை எல்லாம் பின்சீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே திணித்தார் மாமா. பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு காலியாகக் கிடந்தது.

"பயப்படாதக்கா, நாலு வீலும் இழுக்கும்லா" என்றார்.

"இழுக்கட்டும்டா. பிரேக் போட்டா நிக்குமா?" என்றாள் அம்மா.

நிற்கவில்லை. முதல் சிக்னலில் மாமா பிரேக்கை மிதித்ததும், கனமில்லாத பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். நல்லவேளை, எதன்மேலும் மோதவில்லை. 'இன்னொரு தடவை' என்று நான் கைதட்டினேன், கூறுகெட்ட கழுதை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னை இறக்கி விடு, நான் நடந்தே போறேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் ரோடு தோண்டிப் போட்டிருந்த இடத்தில் மணல் மூட்டைகள் கிடந்தன. காவலுக்கு இருந்த பெங்காலிக்காரரிடம், "ஏர்போர்ட் ஜாக்கே வாபஸ் லாயேகா, பாய்" என்று, திருப்பிக் கொண்டுவந்து தருவதாக மாமா அரைகுறை இந்தியில் கெஞ்சினார். பிறகு மாமாவும் அப்பாவுமாகத் தூக்கிப் பின்தட்டில் அடுக்கினார்கள். வண்டி நன்றாக அமுங்கிற்று. அப்படியும் அம்மாவின் அழுகை நிற்கவில்லை. அப்பா மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், போலீஸ் பாத்தா என் லைசென்ஸ் போச்சு!"

"இந்த மழையில எவன் பாக்கான்? நானும் ஒரு மூட்டைன்னு வச்சுக்கோ. நீ மெதுவா ஓட்டு."

வழி நெடுக அம்மா பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா தொப்பலாக நனைந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எனக்கோ சீட்டில் கூடுதல் இடம் கிடைத்த சந்தோஷம். பெட்டியின் மேல் காலை நீட்டிக்கொண்டேன்.

ஏர்போர்ட்டுக்கு நேரத்தோடு போய்விட்டோம். அம்மா எல்லார் முன்னாலும் முந்தானையால் அப்பாவின் தலையைத் துவட்டினாள். "இந்த ஒட்டடக்குச்சி உடம்ப வச்சுக்கிட்டு வண்டிய அமுக்க வந்துட்டியளாக்கும்" என்று திட்டிக்கொண்டே துவட்டினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு சக்கர நாற்காலியில் வைத்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது மழை இன்னும் வலுத்திருந்தது. அப்பா நேராகப் போய் மாமாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எனக்குப் பகீரென்றது.

"அப்பா, பின்னால ஏறலையா? வழுக்குமே!"

"இனிமே வழுக்காதுட்டி" என்றார்.

நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். வரும்போது இருந்த அதே தண்ணீர், அதே பளபளப்பு. அதற்குள் எப்படிச் சரியாகிப்போயிற்று என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு விளங்கவே இல்லை.