சும்மா கொடுத்த தீவனம்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்னவாசல் பக்கம் ஒரு மாட்டுத் தீவன மில்லில் நானும் என் கொழுந்தன் பெண்டாட்டியும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். மழையில் நனைந்த மக்காச்சோளம் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு இருமல். இருமும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். எனக்குப் பகீரென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் இருமல் இல்லை. திங்கட்கிழமை மில்லுக்குள் கால் வைத்ததும் வந்துவிடும். அது எப்படி?

சாக்கைப் பிரித்தால் சோளம் கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம் பூத்துக் கிடக்கும். உதறினால் புகை மாதிரி தூசி கிளம்பும். "வெயில்ல காயப்போட்டு நல்ல சோளத்தோட கலந்து விடுங்க, ஒண்ணும் செய்யாது" என்பார் சூப்பர்வைசர். ஒன்றும் செய்யாதாம்! பிறகு எதற்கு அவர் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்?

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். சனிக்கிழமை தரையில் சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளி, வேலை பார்க்கிறவர்கள் தங்கள் மாட்டுக்கு எடுத்துப் போகலாம். அதிலும் ஒரு பிடி கூடினால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார். அப்பேர்ப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை, "ஏம்மா, இன்னொரு சாக்கும் நெறச்சுக்கங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"விடுங்கக்கா, குடுக்கறப்ப வாங்கிக்குவோம். ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகந்தான்" என்று சிரித்தாள் கொழுந்தன் பெண்டாட்டி. இருமிக்கொண்டே கூட்டினாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்களுக்கு இருக்கட்டும் சார். ஒங்க வீட்டுலயும் மாடு நிக்குதுல்ல, இந்தச் சாக்கை நீங்க கொண்டுபோங்க" என்றேன்.

"ஐயய்யோ, வேணாம்மா" என்று பதறினார். "எங்களது சினை மாடு. இதைத் தின்னுட்டுச் சினை கலைஞ்சு போச்சுன்னா?"

கூட்டுகிற சத்தம் நின்றது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "அடப்பாவி, அவளும் மாசமாத்தானய்யா இருக்கா! ஒன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

அவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்: "அதுக்கென்னம்மா, அந்தப் புள்ள இதைத் திங்கவா செய்யுது?"