காதுக்குக் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை

வயலினின் தலை என் காலை விட்டு நழுவிப் பாயில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். செல்வி டீச்சர்தான் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு, "என்னம்மா, வயலினக் கீழ எறக்கி விட்டுட்டீங்க?" என்று கேட்டார். குனிந்து பார்த்த பிறகுதான் நான் கண்டேன்.

"கால் மரத்துப்போச்சு போல டீச்சர்" என்றேன்.

பக்கத்தில் மாண்டலினோடு உட்கார்ந்திருந்த இன்னாசி அண்ணன் விடவில்லை. "ஒங்க வாசிப்பக் கேட்டு காலு நல்லாத் தூங்குது தங்கச்சி. அதப் போயி எழுப்பாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோய் என்னிடம் வந்து சொல்லிக்கொண்ட முதல் நாள் அதுதான். நான் சிரித்து அனுப்பிவிட்டேன்.

வயலினுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்து முறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வலது காலைக் கொஞ்சம் முன்னே நீட்ட வேண்டும். வயலினின் ஒரு முனை நெஞ்சோரம் இருக்கும். சுருண்ட தலைப்பக்கம் வலது கணுக்காலில் உட்கார்ந்திருக்கும். கால்தான் அதற்கு மணை.

நான் இலுப்பூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறேன். அஞ்சாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில், மகள் ஓசூரில். செல்வி டீச்சர் அடுத்த தெரு. சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு முன்னறையில் பெரியவர்களுக்கு வயலினும் மாண்டலினும் சொல்லிக்கொடுப்பார். வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் வகுப்பு முடியும் வரை வாசலிலேயே நின்றுவிட்டேன். அடுத்த வாரமும் நின்றேன். "நிக்கிறதுக்கு உள்ள வந்து உக்காரலாம்லம்மா" என்றார் டீச்சர். உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம், "சும்மா உக்கார்றதுக்கு வாசிக்கலாம்ல" என்றார்.

மகன் ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று போனில் கேட்டான். வயலின் என்றேன். "ஏம்மா, டிவி எதுவும் ரிப்பேரா?" என்றான். ஆனாலும் வாங்கி வந்தான்.

எனக்குக் கூச்சம் அதிகம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வில்லைத் தந்தியில் பட்டும் படாமலும் இழுப்பேன். "அழுத்துங்கம்மா, தந்தி ஒங்களக் கடிச்சுராது" என்று டீச்சர் அலுத்துக்கொள்வார். எவ்வளவு மெல்ல இழுத்தாலும் கணுக்கால் எலும்பில் ஒரு அதிர்வு வரும். ஸ்வரம் சரியாக விழுந்தால் அது நிறைந்து வரும். விரல் நூலளவு தப்பினால் மெலிந்துபோகும். சரி எது, தப்பு எது என்று நான் காதில் படித்ததைவிடக் காலில் படித்ததுதான் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காரர் போன பிறகு என்னைத் தொட்டுப் பேச வீட்டில் ஆள் கிடையாது. தினமும் அந்த எலும்பில்தான் ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போகும்.

அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறேன், அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சர்க்கரை நோய் முகாம் போட்டார்கள். வயலின் நழுவியது மனதில் இருந்ததால் போனேன். ஒரு வகுப்பறையில் கதவைச் சாத்தி வைத்து ஒரு நர்சுப் பெண் பாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ட்யூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிர்கிற இரட்டைக் கவை போன்ற இரும்புக் கருவி). அதைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தாள்.

"கண்ண மூடிக்கங்க. தெரியுதாம்மா?"

சுருதிப்பெட்டியின் கீழ்ச் சத்தம் மாதிரி மெல்லிசாக ஒரு ரீங்காரம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "கேக்குதும்மா" என்றேன்.

"நின்னதும் சொல்லுங்க."

சத்தம் இழை இழையாக இளைத்துக்கொண்டே போனது. கடைசி இழை வரை பிடித்திருந்து, "இப்ப நின்னுருச்சு" என்றேன்.

"சூப்பர்ம்மா. ஒங்களுக்குச் சின்னப்புள்ள காலு" என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வாங்காத முழு மார்க்கை அன்றைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கால் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு வயலினில்தான் இருக்க வேண்டும். இரண்டாம் தந்தி பழசாகி அதிர்வு செத்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். டீச்சர் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார். அவர் செய்யும்போது பார்த்த ஞாபகத்தில் நானே புதுத் தந்தியை மாட்டி, பிருடையில் (தந்தியை முறுக்கும் கட்டை) சுற்றினேன். மிஞ்சிய முனையை வெட்ட வீட்டில் குறடு இல்லை. உள்பக்கமாக மடித்து விட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் கூடக் கொஞ்ச நேரம் வாசித்தேன். மடித்த முனை எப்போதோ நிமிர்ந்துகொண்டது. வாசிக்க வாசிக்க அது என் கணுக்காலின் உள்பக்கத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு வயலின் பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை வர ஆரம்பித்தது. பல்லி செத்திருக்கும் என்று பெட்டியை வெயிலில் காயவைத்தேன். உள்ளே இருந்த துணியில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. துருவாக இருக்கும் என்று துவைத்துப் போட்டேன். அடுத்த வகுப்பில் இன்னாசி அண்ணன் மூக்கைச் சுளித்தார். "என்னங்க தங்கச்சி, பொட்டிக்குள்ள எலி குடும்பம் நடத்துதா?"

டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து சேலைக் கரையைக் கொஞ்சம் விலக்கினார். "அம்மா, வாடை பெட்டியில இல்லம்மா" என்றார்.

அப்படியே பஸ் பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டி என் மடியில்தான் இருந்தது.

அங்கே டாக்டர் புண்ணுக்குள் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

"இல்லங்க டாக்டர்."

"வலிச்சா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றார். அவரும் ஒரு ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். எனக்குத் தெரிந்த பரீட்சை என்று இருந்தேன்.

"தெரியுதா?"

"கேக்குதுங்க."

அவர் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"கேக்குதுங்கன்னு சொன்னேன்."

"நான் கேக்குதான்னு கேக்கலயே. தெரியுதான்னுல்ல கேட்டேன்."

"ரெண்டு காதையும் நல்லாப் பொத்திக்கங்க. தெரிஞ்சா மட்டும் தலைய ஆட்டுங்க" என்றார். காதைப் பொத்தி, கண்ணை மூடிக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் ஆகும், இன்னும் தட்டவே இல்லையே என்று கண்ணைத் திறந்தேன். கவை என் எலும்பின் மேல்தான் இருந்தது. அதன் முனைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது. கால் வேறு யாருடையதோ மாதிரி சும்மா கிடந்தது.

அதற்குப் பெயர் நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு செயலற்றுப்போவது) என்றார். டீச்சர் பெட்டியைத் திறந்து வயலினைப் பார்த்தார். பிருடைக்குப் பக்கத்தில் விரலை வைத்தவர், "ஸ்ஸ்" என்று கையை உதறினார். அந்த "ஸ்ஸ்" என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

"சீழ் எலும்புக்குள்ள போயிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். போகலன்னா காப்பாத்திரலாம். ஸ்கேன் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

வார்டில் ஒவ்வொருவரும் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கூட யாரு?" மாத்திரை கொடுக்க வருபவரும் கேட்பார், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவரும் கேட்பார். "வருவாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். மகள் வந்தாள். என் காலைப் பார்த்து அழுதாள். பிறகு கோபம் வந்தது. "இந்த வயசுல ஒனக்கு வயலின் ஒரு கேடா? கோயிலு கொளம்னு போக மாட்டியா? இப்ப காலே போகப் போகுதே!" என்றாள். குத்தியது வயலின்தான். ஆனால் காலில் உயிர் இல்லை என்று முதலில் சொன்னதும் அதுதான். இதை அவளிடம் சொல்ல நினைத்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அவள் இரண்டு மூன்று நாளில் கிளம்பினாள். மறுபடியும் "கூட யாரு?"

ஸ்கேனுக்கும் முடிவுக்கும் இடையில் நான் என் காலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். போர்வையை விலக்கி விலக்கிப் பார்ப்பேன். போய்விட்டால் அதற்கு வலிக்குமா, எனக்கு வலிக்குமா என்றெல்லாம் யோசனை ஓடும்.

எலும்புக்குள் போகவில்லை. ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தது. டிப்ரைட்மென்ட் (செத்த சதையைச் சீவி எடுப்பது) செய்தார்கள். அடுத்தவர் வீட்டில் நடக்கிற வேலையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு நர்ஸ் தினமும் வந்து கட்டுப் பிரித்து, பாதத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, விரல் விரலாகத் துடைத்துவிடுவாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆள் என்னை அவ்வளவு பதமாகத் தொட்டது அதுதான். அவள் கை சூடா குளிர்ச்சியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவளிடமே கேட்டேன். "ஒன் கை சில்லுன்னு இருக்குமா தாயி?" அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் கன்னத்தில் கையை வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆற மழைக்காலம் முழுக்க ஆனது, பொங்கலும் போனது. காலை ஊன்றக் கூடாது. என்னைக் கூட்டி வந்து விட்ட மகள், போகும்போது வயலினை எனக்கு எட்டாத அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள். கட்டிலில் கிடந்து அதைப் பார்ப்பேன். டீச்சர் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போவார். மற்றவர்கள் பாடத்தில் வர்ணம் வரைக்கும் போய்விட்டதாகச் சொன்னார்.

புண் மூடிய பிறகு டாக்டரிடம் காட்டப் போனேன். எல்லாம் பார்த்து முடித்து, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். நான் எழுந்திரிக்கவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"வயலின்..." என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கால்ல வைக்காதீங்க. வேற எங்க வேணா வச்சு வாசிங்க. நான் தடுக்கல."

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறேன். வயலினின் தலை எனக்கு எதிரே ஒரு உயரமான ஸ்டூலில், பஞ்சுத் திண்டின் மேல் இருக்கிறது. முதல் நாள் வாசித்தபோது வேறு யாரோ வாசிப்பது போலத்தான் இருந்தது. கால் பக்கம் கவனம் போய்ப் போய்த் திரும்பியது. இனிமேல் காதுதான் சொல்ல வேண்டும். காதுக்குச் சொல்ல வேண்டுமென்றால் வில்லை அழுத்தித்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. தெருவுக்கே கேட்கிறது. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள், "அப்பத்தா, நேத்து ஒரு எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி வாசிச்சீங்களே, என்னாச்சு?" என்று கேட்டாள். தப்பு வந்தது என்று சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் அழுத்தித்தான் இழுத்தேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் சொல்ல வருவது கொஞ்சம்தான். பாதத்தைக் கண்ணால் பாருங்கள். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் தெரிகிறதா என்று கேட்டால், காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துப் பதில் சொல்லாதீர்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அந்த நர்சுப் பெண் நல்லவள்தான். நான்தான் அவள் கேட்ட கேள்விக்கு வேறொன்றின் பதிலைச் சொன்னேன்.

முன்பெல்லாம் என் உடம்பில் நடப்பது அந்த நிமிஷமே எனக்கு வந்து சேரும். இப்போது கால் சமாசாரம் தபால் மாதிரி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் எடுத்து வர வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. என் பொழுதே அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் கிடக்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வச்சிரட்டுமா, அவ்வளவுதான். போன வாரம் கூப்பிட்டவன், "காலு எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"இருப்பா, பாத்துட்டுச் சொல்றேன்."

"என்னது, பாத்துட்டா? ஒங் கால என்ன, பக்கத்து வீட்லயா வச்சிருக்க?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி பாரு. நான் லைன்லயே இருக்கேன்" என்றான்.

போனைக் கட்டிலில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலை மடக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தழும்பு உலர்ந்திருந்தது. விரலிடுக்கு சுத்தமாக இருந்தது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. போனிலிருந்து அவன் மூச்சு விடுவதும், அவன் அறையில் ஏதோ மின்விசிறி சுற்றுவதும் கேட்டன. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.