வலது கண்ணை மூடியபோது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில் ஒரு மகளிர் கல்லூரியில் தாவரவியல் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் தாராபுரம். பள்ளியில் படிக்கும்போதே, ஆபரேஷன் செய்கிற டாக்டராகத்தான் ஆவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முதல் தடவை மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாம், அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்.எஸ்.எஸ். மாணவிகளான எங்களைக் காரமடை பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் மாட்டிய அட்டையில், ஆங்கில 'ஈ' எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி அச்சடித்திருக்கும். வருகிறவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வரிசையில் வந்த ஒரு பெரியம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஒரு கண்ண மூடிப்போட்டா பாதிதானுங்க அம்மணி தெரியும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சரி, செய்து காட்டுவோம் என்று நானே அவர் பக்கத்தில் போய் நின்றேன். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று விரலைத் திருப்பிக் காட்டினேன். அடுத்து வலது கண்ணை மூடினேன்.

அட்டையில் எழுத்தே இல்லை.

வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கலங்கல். எல்லாவற்றிலும் பெரிய எழுத்துகூடக் கரைந்துபோயிருந்தது. உள்ளங்கை பட்டு அழுந்திவிட்டதோ என்று கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே கலங்கல்தான். கையை எடுத்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மூடினால் காணாமல் போனது.

"என்னங்க அம்மணி, உங்களுக்கே தெரியலீங்களா?" என்றார் அந்தப் பெரியம்மா விளையாட்டாக. வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

கூட்டம் குறைந்ததும், பக்கத்து வகுப்பறையில் பவர் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அவரை டாக்டர் என்று நினைத்து அப்படியே கூப்பிட்டேன். தான் டாக்டர் இல்லை, பார்வையைப் பரிசோதிக்கவே தனியாக ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தவள் என்றார். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றி வைத்தார். எதிலும் எழுத்து தெளியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். என் இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பெரிய பவர் இருந்திருக்கிறது. மாறுகண் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பி, மற்றதைக் கைவிட்டுவிட்டது.

"அஞ்சாறு வயசுலயே பாத்திருந்தா சரி பண்ணியிருக்கலாமுங்க. இப்பக் கண்ணாடி போட்டாலும் பெருசா மாறாதுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. பள்ளியில் எறிந்த பந்தை ஒருநாளும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவேன். கவனம் எங்கே இருக்கிறது என்று அம்மா திட்டுவார். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டராக முடியுமா என்று கேட்டேன்.

"மத்த வேலையெல்லாம் தாராளமா செய்யலாமுங்க. ஆபரேஷனுக்கு ஆழம் கணக்கா தெரியோணும். அதுக்கு ரெண்டு கண்ணும் சேந்து வேலை செய்யோணுமுங்க."

எழுந்து வாசல் வரை போய்விட்டேன். அவர் கூப்பிட்டு நிறுத்தி, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். இது சில சமயம் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்குமாம்.

என் அக்காவுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அந்த வாரமே பஸ் ஏறித் தாராபுரம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ கீழ கெடக்கற கடுகக்கூடப் பொறுக்கறா. அவளுக்கு என்ன கொறைங்கறே?" என்றாள். நான் குழந்தையைக் கூடத்தின் ஒரு கோடியில் நிற்க வைத்தேன். எதிர்ச்சுவரில் தினக் காலண்டர் தொங்கியது. ஒரு கண்ணை மூடினேன். சிரித்துக்கொண்டே எண்ணைப் படித்தாள். எண் மாறட்டும் என்று தாளைக் கிழித்துவிட்டு மறு கண்ணை மூடினேன். சிரிப்பு நின்றது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடுங்க சித்தி, தெரிய மாட்டேங்குது."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாளே கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தோம். கண்ணாடி கொடுத்தார்கள். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, பலவீனமான கண்ணைப் பழக்கச் சொன்னார்கள். குழந்தை பிய்த்துப் பிய்த்து எறிவாள். அக்கா அழுதுகொண்டே மறுபடி ஒட்டுவாள். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் அவளோடு உட்கார்ந்து பாசிமணி கோக்க வைப்பேன். மாதங்கள் போகப் போக, ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒரு வரி, இரண்டு வரி என்று கீழே இறங்கிப் படித்தாள். அந்த வரிகளுக்காக நான் பட்ட சந்தோஷத்தை எந்தத் தேர்வு முடிவுக்கும் பட்டதில்லை.

நுழைவுத் தேர்வை விட்டுவிட்டுக் கண் பரிசோதனைப் படிப்பில் சேர்கிறேன் என்றபோது அப்பா, "உனக்குப் புடிச்சிருக்குதுல்ல கண்ணு, போ" என்றார். நேர்முகத் தேர்வில் என் கண்ணைப் பற்றி நானே முதலில் சொன்னேன். ஒரு கண்ணை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கிற கருவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கொடுத்தார்கள், பார்த்துச் சொன்னேன், இடம் கிடைத்தது.

அக்கா மகளுக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. நான் பள்ளிப் பள்ளியாகப் போய்ச் சின்னக் குழந்தைகளின் கண்ணைப் பார்க்கிறேன். பதினெட்டு வருடம் என் முகத்திலேயே இருந்த ஒன்றை நான் அறியாமல் வாழ்ந்தேன் என்ற அதிர்ச்சி இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் மூடிவிட்டு, அது வாய் திறக்கும் வரை காத்திருக்கிற அந்த நொடியில் அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வருகிறது.