கெங்கம்மாள் கொத்த வைத்த பாறை

ஐம்பதுகளில் திண்டிவனம் சந்தைக்குக் கருவாடு வந்த வரலாற்றை அறிஞர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தப் பாரம் என் தலையில் விழுந்திருக்கிறது.

மரக்காணத்து உப்பங்கழிக்கு நடுவே கோட்டான்திட்டு என்றொரு தீவு. தோணி இல்லாமல் போகமுடியாது. தோணி இருந்தாலும் யாரும் போகமாட்டார்கள். கெங்கம்மாள் அங்கேதான் குடியிருந்தாள். அவள் கருவாடு காயப்போட்ட பாறையில், எழுத்து என்றால் என்னவென்றே அறியாத காலத்து மனிதர்கள் மீனும் மானும் செதுக்கியிருந்தார்கள். தேய்ந்துபோன கோடுகள். வெயில் சாய்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டில், பாறையை உடைத்து ஜல்லியாக்க ஒரு காண்டிராக்டர் கிளம்பினார். பாறை போனால் மணலில்தான் காயப்போட வேண்டும். மணல் கடிபடும் கருவாட்டை யார் வாங்குவார்கள்? பாறையில் பழங்காலத்துச் செதுக்கல் இருக்கிறது என்று கெங்கம்மாள் சர்க்கார் ஆபீசு வாசலில் போய் உட்கார்ந்தாள். கூடையோடு உட்கார்ந்தாள். சர்க்காருக்கும் மூக்கு உண்டல்லவா? மதராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்து பார்ப்பார், செதுக்கல் பழசுதான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் பாறையை யாரும் தொடக்கூடாது என்று ஜல்தியாக முடிவாயிற்று.

பெரிய மனிதர் வரும்போது அழுக்கும் மக்கலுமாகவா காட்டுவது? அம்மி தேய்ந்தால் கொத்துகிறோம், பாறைக்கு மட்டும் என்ன? திண்டிவனத்துத் தெருக்களில் அம்மி கொத்திக்கொண்டிருந்த பச்சைமுத்துவைக் கெங்கம்மாள் தோணியில் ஏற்றிக்கொண்டு போனாள். அவன் தொழில் சுத்தமான ஆள். மீனுக்கு ஒரு செதில் விடாமல், மானுக்கு ஒரு கொம்பு விடாமல் கொத்திக் கொடுத்தான்.

ஆபீசர் குனிந்து தடவினார். விரலெல்லாம் கல்மாவு.

"ஏம்மா, இது போன வாரம் கொத்தினதாச்சே?"

"ஆமாங்க. தேஞ்சிக்கினே போயி ஒண்ணும் தெரியலீங்க. அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க, உங்களுக்குப் பேஜாரா இருக்குமேன்னுதான்."

ஆபீசர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைக் கைத்தாங்கலாகத் தோணியில் ஏற்றினார்கள். பழசு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை.

காண்டிராக்டர் மறுவாரமே கல்லுடைக்க ஆள் தேடினார். அந்தச் சேற்றுக் கழிக்குள் இறங்கத் துணிந்தவர்கள் பச்சைமுத்துவும் அவன் பங்காளிகளும்தான். பாறையைப் பார்த்ததும் பச்சைமுத்து சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"இது நான் கொத்தின கல்லு, மொதலாளி. கொத்தின அம்மிய நானே ஒடைச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவ வூட்ல என்னெ உள்ள வுடுவா?"

பங்காளிகளும் தலையாட்டினார்கள். காண்டிராக்டர் வேறு மலை பார்த்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பாறையில் காய்ந்து சந்தைக்கு வந்த கருவாட்டின் வயிற்றில் பச்சைமுத்து கொத்திய மீன் அழகாகப் பதிந்திருக்கும். அறுபத்தாறில் கெங்கம்மாள் கண்ணை மூடும் வரைக்கும் அந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினோம்.