பேருந்தில் ஏறாத அக்கா

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த மலரை வைக்கிறோம். மாதமும் ஆண்டும் பார்த்து எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், இக்கட்டுரை தம்பியாகிய என்னிடம் வந்தது. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா 1965இல் திருப்புறத்தில் பிறந்தார். செவிலியர் படிப்பில் ஓராண்டு முடிந்திருந்தபோது அப்பா காலமானார், படிப்பு நின்றது. 1988இல் குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். மறுவருடம் விடுப்பில் வந்தபோது அம்பூரியில் மாப்பிள்ளை பேசி முடித்தோம். திருமணம் 1990 செப்டம்பரில் என்று உறுதியாயிற்று.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்து வந்த ஞாயிறுதான் எங்கள் ஆலயத்தில் அக்காவின் ஓலையை முதன்முறை வாசிக்க வேண்டிய நாள். மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை உண்டா என்று மூன்று ஞாயிறுகள் சபையில் கேட்பது எங்கள் வழக்கம். ஆயர் தயங்கினார்.

"பெண்ணு எங்க இருக்குன்னே தெரியாம எப்படி வாசிக்கியது?"

"பேரை வாசியுங்க ஐயா," என்றார் அம்மா. "பேரு இங்க இருந்தா ஆளும் வந்து சேரும்."

மூன்று ஞாயிறும் வாசித்தார்கள். அக்கா வரவில்லை. நானும் அம்மாவும் வானொலியை விட்டு நகரவில்லை. பாறசாலையில் ரயில் வரும் நேரமெல்லாம் நான் நிலையத்தில் நின்றேன்.

செப்டம்பர் கடைசியில், குவைத்தில் ஓட்டுநராக இருந்த பூவார்க்காரர் ஒருவர் ஊர் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவை வேலைக்கு வைத்திருந்த குடும்பம் சவூதிக்குப் போய்விட்டதாம். அக்காவும் இரண்டு ஆலப்புழைப் பெண்களும் பக்கத்து மருத்துவமனையில் ஒதுங்கினார்களாம். செவிலியர் பலர் போய்விட்ட இடம். நோயாளிகளைப் பார்க்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று அங்கே கேட்டதும் மூவரும் தாமாகவே வேலையில் இறங்கிவிட்டார்கள்.

"எல்லை கடக்கிய பஸ்ஸில நான் இடம் பிடிச்சு வச்சேன் அம்மா. ஏறல்ல. 'நான் வந்தா இங்க கிடக்கியவங்கள யாரு திருப்பிக் கிடத்துவா'ன்னு எங்கிட்ட சண்டை."

"தூக்கி வண்டியில போட்டிருக்கப்பிடாதா மக்கா?"

"தூக்கவா? உங்க மக கையில ஊசி உண்டு அம்மா!"

அம்மா சிரித்தார். பிறகு அன்று முழுவதும் முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வாசித்த ஓலை மூன்று மாதம்தான் செல்லும். நவம்பரில் அது காலாவதியானதும் அம்பூரியிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார்; மாப்பிள்ளையும் கூட வந்தார்.

"வாசிச்ச ஓலையும் கழிஞ்சு. சண்டைக்குள்ள நிக்கிய பெண்ணுக்காக எத்தனை நாளு இருக்கணும்? வேற இடம் பாக்கலாம்னு இருக்கோம்."

அண்ணன் சொல்லி முடித்ததும் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். "அண்ணனுக்கு வேணும்னா பாருங்க. எனக்குப் பாத்தாச்சு ஆக்கும்."

அன்றுமுதல் அவரை நான் அத்தான் என்றே அழைத்தேன்.

ஜனவரியில் குண்டுவீச்சு தொடங்கியது. பிப்ரவரி முடிவில் போர் ஓய்ந்தது. ஏப்ரலில் அக்கா பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கினார். பாதியாய் மெலிந்திருந்தார்.

"எட்டி, எதுக்கு நீ வராம நின்ன?" என்று அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பசிக்குதும்மா. சோறு போட்டுட்டு ஏசு."

ஓலை மறுபடியும் வாசிக்கப்பட்டது. மே மாதம் திருமணம் நடந்தது.

அம்பூரியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் ஆள் அக்காவிடம்தான் ஓடி வரும். "நான் நர்ஸ் இல்ல ஆக்கும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார். ஜீப் பிடித்து மருத்துவமனைவரை கூடவே போவார். எந்த விருந்திலும் அவர் அமைதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வாசலை ஒட்டிய இருக்கையாகத் தேடிப்பிடிப்பார், பாதியில் எழுந்துவிடுவார்.

சென்ற ஆண்டு சிறுநீரக நோய் அவரைக் கட்டிலில் கிடத்தியது. அத்தான்தான் பார்த்துக்கொண்டார். "தலையணையை இப்படியா வைக்கியது? எந்தக் கோலேஜில படிச்சியரு?" என்று அக்கா கேட்பார். "நீங்க நடத்தின கோலேஜுதான்" என்று அத்தான் பதில் சொல்வார். அந்தப் பேச்சு நிற்கும்வரை அக்கா எங்களோடு இருந்தார்.

அன்று செய்தி கொண்டுவந்த பூவார்க்காரருக்கும், இரண்டு முறையும் ஓலை வாசித்த ஆயருக்கும், கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்த அம்பூரி இளைஞர்களுக்கும், அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் இருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவின் வாழ்க்கையில் 1991 பிப்ரவரி மாதம் மட்டும் எனக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து போய்விடுவார். அந்த மாதத்தில் அவர் அருகில் நின்றவர்கள் அந்த ஆலப்புழைப் பெண்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்காது. இதைப் படிக்கும் யாராவது அவர்களை அறிந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அக்காவை உயிரோடு அனுப்பிவைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த மாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். காதால் கேட்க முடியாததாக இருந்தாலும் சொல்லட்டும். அம்மாவும் உடனிருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.