சினைமீனுக்குக் கட்டிய படல்

நான் வாக்கப்பட்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையில். பிறந்த வீடு அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடையின் மேல்பக்கம், செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில். ஐப்பசி மழைக்கு ஓடையில் செந்தண்ணீர் வந்ததும் கண்மாய்க் கெண்டைகள் அதை எதிர்த்து மேலே ஏறும். என் அண்ணன் வயலை ஒட்டிய புல்தரையில், முழங்கால் தண்ணீரில் புரண்டு புரண்டு முட்டையிடும். அடுத்தடுத்த வெள்ளத்தில் குஞ்சுகள் கண்மாய்க்கு இறங்கும். மேலே உள்ளவர்கள் குழம்புக்குப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்ததும், ஓடை வந்து சேருகிற இடத்தில் கரைக்குக் கரை மூங்கில் படல் கட்டினார். ஏற வந்த மீனெல்லாம் படலில் முட்டிக்கொண்டு நின்றது. கூடை கூடையாக அள்ளினார்கள். நான் அறுத்த மீனில் பாதிக்குமேல் வயிறு நிறைய சினை.

அண்ணன் மழையில் நனைந்துகொண்டே வந்தார்.

"மாப்பிள்ள, ஒரு ஓரமாவது தெறந்து விடுங்க. சினைமீனு மேல ஏறலைன்னா பொறவு உங்க கண்மாய்லதான் ஒண்ணும் இருக்காது."

"மேல விட்டா உங்க ஊருக்காரன் பிடிச்சுத் திம்பான். குத்தகை எடுத்தவன் நானா, அவனா?"

"அம்புட்டையுமா விடச் சொல்லுதேன்?"

இவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். இலை போட்டேன். அண்ணன் உட்காரவில்லை.

மறுவருஷம் கண்மாய் பெருகியது. கண்மாயிலேயே கிடந்து குஞ்சு பொரிக்கிற விராலும் குரவையும் வலையில் வந்தன. கெண்டை வரவில்லை. அண்ணன்தான் ஓடையில் நஞ்சு கலந்துவிட்டார் என்று இவர் ஊரெல்லாம் சொன்னார்.

"எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாவ" என்றேன்.

"வாய மூடுட்டி."

அதோடு விடவில்லை. மடவார் வளாகம் கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, என் கண்முன்னாலேயே அண்ணனைச் செருப்பால் அடித்தார். அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. என்னைக்கூடப் பார்க்காமல் நடந்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. நானும் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் செய்யவேண்டியதை பிறந்த வீட்டு வகையில் யாரோ ஒரு பங்காளி செய்தார்.

அண்ணன் இறந்த செய்தி வந்தபோது இவர் திண்ணமாக வரமாட்டேன் என்றார். தனியாகப் போனேன். வாசலில் மதினி தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"உயிரோட இருக்கையில வராதவ, இப்ப எதுக்கு வந்தே?" என்றாள்.

யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை.